மலிவு விலையும் வாங்குவோர் பொறுப்பும்

1. வினாவின் எல்லை

வெளிநாட்டில் மிகக் குறைந்த கூலிக்குத் தைக்கப்பட்ட சட்டையை விலை கொடுத்து வாங்கும் ஒருவர், அதைத் தைத்தவருக்கு நேரும் தீங்கில் பங்காளி ஆகிறாரா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. வாங்குபவர் தைத்தவரைப் பார்த்ததில்லை; அவருடைய கூலியைக் குறைக்கச் சொன்னதில்லை; அவர் வேலை செய்த கட்டடத்தின் கதவைப் பூட்டச் சொன்னதுமில்லை. ஆயினும் வாங்குபவர் கொடுக்கும் பணம் இல்லாமல் அந்த ஆலை ஒரு நாளும் ஓடாது. தீங்கைத் தாம் செய்யாதவர், அத்தீங்கு நிகழும் ஏற்பாட்டைத் தம் பணத்தால் நிலைநிறுத்துகிறார் என்னும்போது, அவருடைய பொறுப்பு எத்தகையது, அதை அவர் எப்படி நிறைவேற்ற முடியும் என்பன ஆராயத்தக்கவை.

‘மலிவுக்கூலித் தொழிற்சாலை’ என்பது இங்கு, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியையோ அதற்குச் சற்றே மேலான கூலியையோ கொடுத்து, அது ஒரு குடும்பத்தின் உணவுக்கும் வாடகைக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போதாமல், மிகைநேர வேலையால் ஈடுகட்ட வேண்டிய நிலையில் தொழிலாளியை வைத்திருக்கும் ஏற்றுமதி ஆலையைக் குறிக்கும். ‘வழங்கல் தொடர்’ என்பது பருத்தி வயலில் தொடங்கி நூற்பு, நெசவு அல்லது பின்னல், சாயம், தையல், கப்பல் வழியாகக் கடை அலமாரி வரை நீளும் நிறுவனங்களின் வரிசை. இவ்வரிசையின் தலைப்பில் நிற்கும் பெரும் வணிகப்பெயர் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் சொந்த ஆலை இருப்பதில்லை. அது வடிவத்தையும் விலையையும் நாளையும் குறித்துக் கொடுக்கிறது. தைப்பவர் வேறு ஒருவர். திருப்பூரில் ‘பையர்’ என்று அழைக்கப்படுவது இந்நிறுவனமே.

தமிழ் வாசகர் இவ்வினாவின் இரு முனைகளிலும் நிற்கிறார். பெர்லினில் வாங்குபவருக்குத் திருப்பூர்ப் பனியன் கம்பெனியும் ஆம்பூர்த் தோல் ஆலையும் வெளிநாட்டு மலிவுக்கூலித் தொழிற்சாலைகள்தாம். சென்னையில் வங்கதேசத்து ஆயத்த ஆடையையும் சீனத்து மின்கருவியையும் வாங்கும் தமிழரோ பெர்லினில் வாங்குபவரின் இடத்தில் நிற்கிறார். ஆகவே இங்கு சொல்லப்படும் அறம் எதுவாயினும், அது கொடுக்கும் கைக்கும் பெறும் கைக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஆய்வுக்குரிய சான்றாக வங்கதேசத்து ஆயத்த ஆடைத்தொழில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வினாவின் எல்லாப் பக்கங்களும் அங்கே வெளிப்படையாகக் காணக்கிடைக்கின்றன.

2. ராணா பிளாசா

டாக்காவை அடுத்த சாவாரில் இருந்த ராணா பிளாசா எட்டு மாடிக் கட்டடம். மேல்தளங்கள் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் எனக் கட்டப்பட்ட தளங்களில் ஐந்து ஆடை ஆலைகள் தையல் எந்திரங்களையும் கனத்த மின்னாக்கிகளையும் ஏற்றி வைத்திருந்தன. 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வரவேண்டாம் என்றது, கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர் மட்டும் மறுநாள் காலை உள்ளே அழைக்கப்பட்டனர். வராதோருக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்ற அச்சுறுத்தல் இருந்தது. ஏப்ரல் 24 காலை மின்சாரம் தடைப்பட்டு மின்னாக்கிகள் இயக்கப்பட்ட சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்தது. 1,130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர்.

ஒரே விரிசலைக் கண்ட வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிந்தது. தையல் தொழிலாளரால் இருக்க முடியவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தொடரின் அமைப்பு புலப்படும். ஏற்றுமதி ஆலையின் தையல் வரிசையில் ஒருவர் காலரை மட்டும் தைப்பார். அடுத்தவர் கையை இணைப்பார். இன்னொருவர் பொத்தான் துளை போடுவார். மணிக்கு எத்தனை உருப்படி என்பது வரிசையின் தலைப்பில் தொங்கும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். சரக்கு கப்பலேறும் நாள் தவறினால் ஆலைக்காரர் விலையில் தள்ளுபடி தரவேண்டும் அல்லது விமானச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். அன்றைய வங்கதேசத்தில் கடையடைப்புப் போராட்டங்களால் வேலைநாட்கள் ஏற்கெனவே குறைந்திருந்தன. ஆலைக்காரரின் பேராசையும் கட்டட உரிமையாளரின் சட்டமீறலும் அரசு ஆய்வாளரின் பாராமுகமும் அக்கொலைக்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த நெருக்கடியின் ஒரு நுனி, விலையையும் நாளையும் குறித்த கொள்முதல் மேசையில் கட்டப்பட்டிருந்தது.

அந்நுனியை மெய்ப்பிப்பது எளிதாக இருக்கவில்லை. எந்த நிறுவனத்துக்காக அங்கே தைக்கப்பட்டது என்பதை நிறுவத் தொழிலாளர் உரிமைச் செயற்பாட்டாளர்கள் இடிபாடுகளுக்குள் சட்டைப் பட்டிகளையும் ஆர்டர் தாள்களையும் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. சில நிறுவனங்கள் உறவை ஒப்புக்கொண்டன. சில, தம் அனுமதியின்றித் துணை ஒப்பந்தத்தில் வேலை அங்கே போய்விட்டது என்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தலைமையில் அமைந்த இழப்பீட்டு ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்ட 3 கோடி டாலர், நன்கொடையாகவே திரட்டப்பட்டு, 2015 ஜூனில்தான் நிறைவுற்றது. இறந்தோர் குடும்பத்துக்குச் சேரவேண்டியது, கொடுப்பவர் மனமிரங்கித் தரும் கொடையாக இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது என்பதே, அத்தொடரில் பொறுப்பு எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று.

3. வேலை தருவதே உதவி என்னும் வாதம்

வாங்குவோருக்கு ஆதரவாக நிற்கும் முதல் வாதம் வலிமையானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏழை நாட்டில் ஆடை ஆலையின் கூலி குறைவுதான் என்றாலும், அங்கே கிடைக்கும் பிற வேலைகளின் கூலி அதைவிடக் குறைவு. ஆகவே வாங்குவது தீங்கன்று, உதவியே என்பது அவ்வாதம். பொருளியல் அறிஞர் பால் க்ரூக்மன் 1997-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இக்கருத்தையே வற்புறுத்தியது.

வங்கதேச வரலாறு இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. 1970களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்னும் நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு சேர்ந்து தன் ஊழியர் ஏறத்தாழ 130 பேரைப் பூசானுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. அவர்களுள் பலர் பின்னர்த் தாமே ஆலை தொடங்கினர். ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு ஆடைதான் என்று பணக்கார நாடுகள் வரம்பு கட்டிய பல்வகை நூலிழை ஏற்பாடு 1974 முதல் நடப்பில் இருந்ததால், வரம்பு நிரம்பிவிட்ட கொரியா போன்ற நாடுகளின் முதலாளிகள் வரம்பு நிரம்பாத வங்கதேசத்தை நாடினர். இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடையிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இத்தொழிலில் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். கிராமத்தில் கூலியற்ற வீட்டுவேலையோ மிக இளம் வயதுத் திருமணமோ மட்டுமே காத்திருந்த பெண்ணுக்கு, மாதம் பிறந்தால் தன் கையில் வந்துவிழும் சம்பளம் சிறிய மாற்றமன்று.

எனினும் இவ்வாதம் ஒன்றை நிறுவப் புறப்பட்டு வேறொன்றை நிறுவியதாக எண்ணிக்கொள்கிறது. வேலை இன்மையைவிட வேலை நன்று என்பதை அது நிறுவுகிறது. அவ்வேலையின் நிபந்தனைகள் நியாயமானவை என்பதை அது நிறுவுவதில்லை. தத்துவ அறிஞர் ஆலன் வெர்ட்ஹைமர் 1996-இல் வெளியிட்ட நூலில், இரு தரப்பும் பயன்பெறும் உடன்பாடும் சுரண்டலாக இருக்கக்கூடும் என்று விளக்கினார். வெள்ளத்தில் சிக்கியவரைக் கரைசேர்க்கும் படகோட்டி அதற்கு விலையாக அவருடைய நிலம் முழுவதையும் எழுதி வாங்கினால், இருவரும் முன்னிருந்ததைவிட நல்ல நிலையை அடைகின்றனர். ஆயினும் அது நியாயமான பேரம் என்று யாரும் சொல்லார். ஒருவரது கையறு நிலையே பேரத்தின் அளவுகோலாக அமைந்துவிடுவதுதான் அங்கே குற்றம்.

ராணா பிளாசா சரிந்தபோது வங்கதேச ஆடைத்தொழிலில் குறைந்தபட்ச மாதக் கூலி அந்நாட்டு நாணயத்தில் 3,000 டாக்கா. அது 2010-இல் வகுக்கப்பட்டது. உலகின் பார்வை அங்கே திரும்பிய பின் 2013-இன் இறுதியில் 5,300 டாக்கா ஆயிற்று. 2023-இல் தொழிற்சங்கங்கள் 23,000 டாக்கா கேட்டுப் போராட, வகுக்கப்பட்டது 12,500. இக்கூலி உயர்வுகளால் தொழில் அழிந்துவிடவில்லை. ஏற்றுமதி வளர்ந்தே வந்தது. ஆகவே குறைந்த கூலி ஏழை நாட்டின் விதி என்பதும், கூலி உயர்ந்தால் வேலையே போய்விடும் என்பதும் எல்லா அளவிலும் மெய்யல்ல. கடை விலையில் தையற்கூலியின் பங்கு மிகச் சிறிது. அக்கூலியை இரட்டித்தாலும் சட்டையின் விலை வாங்குவோர் முகம் சுளிக்கும் அளவுக்கு ஏறிவிடாது. கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் கொடுக்க இயலாமையன்று, கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமையே.

4. வாங்காமை என்னும் அறம்

இரண்டாம் விடை, வாங்காதிருப்பது. தமிழில் இதற்குத் தொன்மையான வேர் உண்டு. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தில் 256-ஆம் குறள், உண்போர் இல்லையெனில் ஊனை விலைக்குத் தருவோரும் இல்லை என்ற வாதத்தை முன்வைக்கிறது. கொன்றவன் நான் அல்லன், விலைக்கு வாங்கியவனே என்று ஒருவர் தப்பித்துக்கொள்ளும் வழியை அது அடைத்துவிடுகிறது. வாங்குதல் அறத்துக்கு அப்பாற்பட்ட செயலன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இங்கிலாந்தில் 1791-இல் நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தை ஒழிக்க மறுத்தபோது, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைக் கைவிடுமாறு வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய சிறுநூல் நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அச்சர்க்கரையை விட்டுவிட்டதாக ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடிமையின் உழைப்பு அவருடைய விருப்பத்தின்பாற்பட்டதன்று. ஆகவே அப்பொருளை வாங்காதிருப்பதால் அவர் இழப்பது ஏதுமில்லை. கட்டாய உழைப்பில் விளைந்த பொருளுக்கு இந்த விடையே இன்றும் சரி. சீனாவின் சின்சியாங் பகுதியின் பொருள்கள் கட்டாய உழைப்பில் விளைந்தவை அல்ல என்று மெய்ப்பித்தாலன்றி அவற்றை இறக்குமதி செய்யக்கூடாது என 2021-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது.

ஆனால் மலிவுக்கூலி ஆலையின் தொழிலாளி அடிமை அல்லர்; அவருக்கு அவ்வேலை வேண்டும், அதன் கொடுமை வேண்டாம். இந்த வேறுபாட்டைக் காணாத புறக்கணிப்பு என்ன செய்யும் என்பதற்கு வங்கதேசமே சான்று. சிறார் உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றை 1992-இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் டாம் ஹார்க்கின் கொண்டுவந்தார். மசோதா சட்டமாகவே இல்லை. ஆனாலும் சந்தையை இழந்துவிடுவோம் என்று அஞ்சிய வங்கதேச ஆலைக்காரர்கள் பல்லாயிரம் சிறாரை வெளியேற்றினர். அவர்களின் எண்ணிக்கை 50,000 இருக்கும் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் மதிப்பிட்டது. அவர்களுள் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல்லுடைத்தல் போன்ற இன்னும் கொடிய வேலைகளுக்கும், சிலர் பாலியல் தொழிலுக்கும் தள்ளப்பட்டனர். 1995-இல்தான் ஆலை உரிமையாளர் சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் குழந்தைகள் நிதியமும் உடன்பாடு செய்து, நீக்கப்பட்ட சிறாருக்குப் பள்ளியும் சிறு உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன. நல்ல நோக்கத்தோடு எழுந்த புறக்கணிப்பு, யாருக்காக எழுந்ததோ அவர்கள் தலையிலேயே விழுந்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் பிறக்கிறது: புறக்கணிப்பை யார் கேட்கிறார் என்பதே அது. ஹோண்டுராஸ் நாட்டில் தொழிலாளர் சங்கம் அமைத்த ஆலை ஒன்றை ரஸ்ஸல் என்னும் விளையாட்டு ஆடை நிறுவனம் 2009-இல் மூடியபோது, தொழிலாளரே வேண்டியதற்கிணங்க அமெரிக்க மாணவர்கள் தத்தம் பல்கலைக்கழகங்களை அந்நிறுவனத்தோடு கொண்ட உரிம ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தனர். ஏறத்தாழ நூறு பல்கலைக்கழகங்கள் விலகிய பின், அவ்வாண்டின் நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, வேறோர் ஆலையைத் திறந்து, சுமார் 1,200 பேரை மீண்டும் அமர்த்தவும் சங்கத்தை ஏற்கவும் இசைந்தது. அங்கே புறக்கணிப்பு தொழிலாளியின் கைக்கருவியாக இருந்தது. வாங்குபவர் தம் மனத்தூய்மைக்காக மட்டும் விலகிக்கொள்ளும்போது அக்கருவி தொழிலாளியின் கையில் இல்லை.

5. குமரப்பாவின் வட்டம்

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொது நிதியியலும் பயின்று, காந்தியப் பொருளியலுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்த ஜே. சி. குமரப்பா இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர். கிராமத் தொழில் இயக்கத்தைப் பற்றி 1936-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு கொள்முதலும் அதன் பின்னே நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் வாங்குபவரைப் பொறுப்பாக்குகிறது என்றும், அப்பொறுப்பை ஏற்க இயலாதவர் தம் கொடுக்கல் வாங்கலைத் தம் கண்ணுக்கு எட்டும் வட்டத்துக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்றும், சுதேசியின் அடிப்படை அதுவே என்றும் அவர் வாதிட்டார்.

இவ்வாதத்தின் முற்பாதி அசைக்க முடியாதது. பிற்பாதியில் இரு இடர்கள் உள்ளன. கண்ணுக்கு எட்டும் வட்டத்திலும் கொடுமை உண்டு. அண்டை ஊரின் ஆலை அண்மையில் இருப்பதாலேயே நியாயமானதாகிவிடாது. அன்றியும், வட்டத்தைச் சுருக்கிக்கொள்பவர் ஏற்கெனவே உருவாகிவிட்ட தொலைவு உறவிலிருந்து விலகுகிறாரேயன்றி, அவ்வுறவை நம்பிப் பிழைப்பு நடத்தும் 40 இலட்சம் பேருக்கு விடை சொல்வதில்லை. வட்டத்துக்குள் வாங்குதலைச் சுருக்குவது ஒரு வழி எனில், பொறுப்பு எட்டும் தொலைவுக்கு வட்டத்தை விரிப்பது மற்றொரு வழி. குமரப்பாவின் நெறிக்கு உண்மையாக இருந்துகொண்டே இரண்டாம் வழியை இக்காலத்தில் தேர்வது இயலும். தொலைவில் நிகழ்வதைக் கண்டறியவும் கட்டுப்படுத்தவும் அவருடைய காலத்தில் இல்லாத கருவிகள் இன்று உள்ளன.

6. குற்றமும் பொறுப்பும்

அக்கருவிகளுக்கு முன், ஒரு கோட்பாட்டுத் தெளிவு தேவை. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2006-இல் மறைந்த ஐரிஸ் மரியன் யங், இருவகைப் பொறுப்பை வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று குற்றப்பொறுப்பு: தீங்கைச் செய்தவர் யார் என்று கண்டு, அவரைத் தனிப்படுத்தி, தண்டித்து, ஈடு வாங்குவது. மற்றொன்று தொடர்புப்பொறுப்பு: சட்டத்துக்கு உட்பட்டுப் பலர் இயல்பாகச் செய்யும் செயல்கள் ஒன்றுசேர்ந்து அநீதியை விளைவிக்கும்போது, அச்செயல்களால் அதில் பங்குகொள்ளும் ஒவ்வொருவருக்கும் அதை மாற்ற வேண்டிய கடமை உண்டு என்பது. முதல்வகை பின்னோக்கிப் பார்ப்பது; இரண்டாம் வகை முன்னோக்கிப் பார்ப்பது. வெளிநாட்டு ஆடை ஆலைகளையே அவர் தம் வாதத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

இப்பாகுபாடு பொதுவிவாதத்தில் இருக்கும் ஒரு குழப்பத்தை நீக்குகிறது. சட்டை வாங்கியவரைக் கொலைகாரர் என்று சொன்னால் அது பொய்யாகும். அவருக்கு இதில் தொடர்பே இல்லை என்றால் அதுவும் பொய்யாகும். பொறுப்பின் அளவு ஒருவரிடம் இருக்கும் ஆற்றலையும், அவர் அடையும் நலனையும், மற்றவரோடு சேர்ந்து இயங்க அவருக்குள்ள வாய்ப்பையும் பொறுத்தது என்றார் யங். இவ்வளவுகோலின்படி முதற்பொறுப்பு தொடரின் தலைப்பில் நிற்கும் நிறுவனத்துக்கு. அடுத்து இரு நாடுகளின் அரசுகளுக்கும் ஆலைக்காரருக்கும். தனி நுகர்வோருக்குச் சிறு பங்கே. ஆனால் அச்சிறு பங்கு, தனித்தனியாக நின்று எதை வாங்குவது என்று கவலைப்படுவதில் தீர்வதில்லை. பலர் ஒன்றுகூடி நிறுவனத்தையும் அரசையும் கட்டுப்படுத்துவதில்தான் அது நிறைவேறும்.

7. தணிக்கையும் பிணைப்பும்

நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஏற்ற கட்டுப்பாட்டு முறை, சமூகத் தணிக்கை என்பது. நிறுவனம் ஒரு நடத்தை விதித்தொகுப்பை வகுக்கும். தனியார் தணிக்கையாளர் ஆலைக்குச் சென்று சரிபார்த்துச் சான்று தருவார். ஆலைக்காரரே பெரும்பாலும் தணிக்கைக் கட்டணத்தைக் கொடுப்பார்; அறிக்கை பொதுவெளிக்கு வராது; வருகை முன்கூட்டியே தெரிந்திருந்தால் பூட்டிய அவசர வழி அன்று மட்டும் திறந்திருக்கும், கேள்விக்குச் சொல்ல வேண்டிய விடையும் தொழிலாளருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை எஸ்ஏ 8000 என்னும் பன்னாட்டுச் சான்றைப் பெற்ற சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று தீக்கிரையாயிற்று. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர், வெளியேறும் வழிகள் அடைபட்டும் சன்னல்களில் கம்பி பொருத்தப்பட்டும் இருந்ததால் தப்ப முடியாமல் மாண்டனர்.

இதற்கு நூறாண்டு முன்னரே நியூயார்க் இதே பாடத்தைக் கற்றிருந்தது. 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டை ஆலையில் எழுந்த தீயில் 146 பேர், பெரும்பாலும் குடியேறிய இளம் பெண்கள், படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்ததால் இறந்தனர். அதன்பின் மாநிலம் ஆய்வுக்குழு அமைத்துத் தொழிற்சாலைச் சட்டங்களை மாற்றியது. அதோடு, பின்னாளில் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் இன்னும் நுட்பமான ஒன்றைச் சாதித்தது: துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்லும் வணிகர், தம் துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோரின் கூலிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அவரையே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. தையல் கடைக்காரரிடம் பேசிப் பயனில்லை, விலையை நிர்ணயிப்பவரிடம் பேச வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ராணா பிளாசாவுக்குப் பின், 2013 மேயில், இந்தப் பழைய உத்தி பன்னாட்டு அளவில் உயிர்பெற்றது. ‘அக்கார்டு’ என்று சுருக்கமாக வழங்கும் தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் வணிகப்பெயர் நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் கையெழுத்திட்டன. நாளடைவில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் 200-ஐத் தாண்டின. தணிக்கையிலிருந்து இது நான்கு வகையில் வேறுபட்டது. ஆய்வறிக்கைகள் வெளியிடப்பட்டன. பழுதுபார்க்க ஆலைக்குப் பணவசதி இருக்குமாறு நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்தான கட்டடத்துள் நுழைய மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனம் சொல் தவறினால் சங்கம் அதை நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். இழுக்கவும் செய்தது: 2016-இல் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் இரு நிறுவனங்கள்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று 2018-இல் 23 இலட்சம் டாலர் தர இசைந்து வழக்கு முடிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வு செய்யப்பட்டுத் தீக்கதவுகளும் தூண்களும் மின்கம்பிகளும் சீர்செய்யப்பட்டன. நன்கொடையாக இருந்தது கடனாக மாறியபோது கட்டடங்கள் மாறின என்பதே இதன் சாரம்.

இதன் குறையும் சொல்லப்பட வேண்டும். அக்கார்டு உயிரைக் காத்தது, கூலியைத் தொடவில்லை. கொள்முதல் முறையின் அடிப்படை ஏற்றத்தாழ்வும் அப்படியே இருந்தது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, சரக்கு கப்பலேறிய பிறகே பணம் என்னும் வழக்கத்தைப் பயன்படுத்திப் பல நிறுவனங்கள் தைத்து முடித்த ஆடைகளையும் ஏற்க மறுத்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் நீக்கப்பட்டன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று ஆலை உரிமையாளர் சங்கம் தெரிவித்தது. துணிக்கும் நூலுக்கும் பணம் போட்டவர் ஆலைக்காரர். கூலியின்றி வீடு திரும்பியவர் தொழிலாளி. தொடரின் இடரெல்லாம் கீழ்நோக்கியே இறங்கும் என்பதை அவ்வாண்டு மறைவின்றிக் காட்டியது.

8. திண்டுக்கல் உடன்பாடு

பிணைப்பு ஒப்பந்தம் என்னும் இவ்வழி தமிழ்நாட்டுக்கும் வந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். ஆலைக்குள் பாலியல் தொல்லை நெடுநாளாக நிகழ்ந்துவந்தது என்பதைத் தொழிலாளர் வெளியே சொல்லத் தொடங்கினர். பெண்களும் தலித் தொழிலாளரும் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசியத் தளக்கூலிக் கூட்டணி முதலிய அமைப்புகளோடு இணைந்து, 2022 ஏப்ரலில் அவ்வாலையின் உரிமை நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்தது; கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்களும் பின்னர் இணைந்தன.

இதன்படி ஒவ்வொரு பிரிவிலும் தொழிலாளருள் இருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது. ஆலை உடன்பாட்டை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக அளவில் நடவடிக்கை எடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் தணிக்கையாளரிடம் ஒரு பெண் சொல்லத் துணியாததை, பக்கத்து எந்திரத்தில் அமர்ந்திருக்கும் சங்கத் தோழியிடம் சொல்ல முடிந்தது. தொலைவில் வாங்குபவருக்குக் கண்ணும் காதும் வேண்டுமெனில் அவை தொழிலாளியின் சொந்தச் சங்கமே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

அரசுகளும் மெல்ல இத்திசையில் நகர்கின்றன. தம் வழங்கல் தொடரில் நிகழும் உரிமை மீறலைக் கண்டறிந்து தடுக்கும் கடமையைப் பெரு நிறுவனங்கள்மீது பிரான்சு 2017-இல் சட்டமாக்கியது. ஜெர்மனியின் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நெறியாணை வகுத்தது. இவற்றைத் தளர்த்த வேண்டும் என்ற வணிகத்துறையின் அழுத்தமும் உடன் வளர்ந்துள்ளது. ஆகவே இச்சட்டங்கள் நிலைபெறுவதும் கரைந்துபோவதும் வாங்கும் நாடுகளின் குடிமக்கள் எந்த அளவுக்கு இவற்றைத் தம்முடையவை என்று கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

9. முடிவுரை

வாங்குதல் ஓர் உறவு. வேலை கொடுத்தோம் என்ற பெயரில் அவ்வுறவின் கடமையைத் தட்டிக்கழிப்பதும், கை கறைபடாதிருக்க உறவையே அறுத்துக்கொள்வதும், வெவ்வேறு முகங்கொண்ட ஒரே விலகல். கட்டாய உழைப்பின் விளைவை வாங்கலாகாது. தொழிலாளர் புறக்கணிக்கக் கேட்கும்போது புறக்கணிக்க வேண்டும். மற்றெல்லா இடங்களிலும், உறவைச் சட்டப் பிணைப்பாகவும் வாழ்வுக்குப் போதிய கூலியாகவும் சங்க உரிமையாகவும் மாற்றப் பாடுபடுவதே வாங்குவோர்க்குரிய அறம்.

இது தமிழ்நாட்டில் உடனே செய்யத்தக்க செயல்களாகவும் விரியும். சீருடையும் விளையாட்டு ஆடையும் மொத்தமாக வாங்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், அவை எந்த ஆலையில் தைக்கப்பட்டன என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும். அரசின் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்த விலை மட்டுமன்றிக் கூலியும் சங்க உரிமையும் நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் சங்கம் அமைக்கும் பெண் தொழிலாளிக்கு, வேலை போகும் என்ற அச்சமின்றிப் பேசும் பாதுகாப்பை ஊரார் தர வேண்டும். தம் ஊர்த் தொழிலாளிக்கு வெளிநாட்டு வாங்குநரிடம் எதைக் கேட்கிறாரோ, அதையே சாவாரின் தொழிலாளிக்கும் தம்மிடமிருந்து உரியதென ஒவ்வொரு தமிழரும் ஏற்க வேண்டும்.